திமில் மீனும் உயிர் இரையும்

பீமேஸ்வரியின் காவிரிக் கரையில் உயிர் இரை கோர்த்துப் பெருமீன் பிடிக்கும் கலை பல ஆண்டுகள் செழித்திருந்தது. 2012ல் அது நின்றுபோனது. தூண்டில்காரர்கள் விட்டுச்சென்ற கணக்கேடு, ஆற்றின் மிகப் பெரிய மீன் மறைந்துவரும் கதையைச் சொன்னது.

பெங்களூரிலிருந்து கனகபுரா, சாத்தனூர், ஹலகூர் வழியாகச் சுமார் 100 கி.மீ. வந்தால் சாலை மலையிறங்கிக் காவிரிக் கரையில் போய் நிற்கிறது. இடத்தின் பெயர் பீமேஸ்வரி. சிவசமுத்திரத்தில் அருவியாகக் குதித்து, 1902லிருந்து மின்சாரம் கொடுத்துவரும் ஆறு, இங்கே ஆர்ப்பாட்டம் குறைந்து பாறைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. ஒரு திருப்பத்தில் வெள்ளை நுரையும் இரைச்சலும். அடுத்த திருப்பத்தில் அடி தெரியாத பச்சை மடு. கரை நெடுக நீர்மருது மரங்கள் தண்ணீருக்கு மேலே குடை பிடிக்கின்றன. கிளைகளில் சாம்பல் நிற அணில், மணல் திட்டில் முதலை, பாறை மறைவில் நீர்நாய்க் குடும்பம். வெயில் தாழ்ந்ததும் யானைகள் நீர் குடிக்க இறங்கும். 1987ல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்கு சரணாலயம் இது.

இன்று இங்கே வருகிறவர்கள் பரிசலில் சுற்றுகிறார்கள், பறவை பார்க்கிறார்கள், கயிற்றில் தொங்கி சாகசம் செய்கிறார்கள். ஆனால் உலகின் பல மூலைகளில் இருக்கும் வயதான தூண்டில்காரர்களிடம் பீமேஸ்வரி, தொட்டமகளி, காலிபோரே என்று மூன்று பெயர்களைச் சொன்னால் போதும், அவர்கள் முகம் மாறிவிடும். ஆயுளில் ஒரு தடவையாவது அந்தக் கரையில் தூண்டிலோடு உட்கார வேண்டும் என்று கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள்.

அவர்களை இழுத்தது மஹசீர். கெண்டைக் குடும்பத்து மீன்தான். ஆனால் நாம் சந்தையில் பார்க்கும் கெண்டையோடு அதை ஒப்பிடுவது பூனையைப் புலியோடு ஒப்பிடுகிற மாதிரி. உள்ளங்கை அகலச் செதில்கள், தடித்த உதடுகள், வேகமான நீரை எதிர்த்து நிற்கும் உடம்பு. காவிரியில் வாழும் இனத்துக்குத் தலைக்குப் பின்னால் முதுகு மேடாக எழும்பி இருக்கும். அதனால் திமில் மஹசீர் என்று பெயர். 1946ல் மைசூரின் புகழ்பெற்ற 'பாடம் செய்யும்' குடும்பத்தைச் சேர்ந்த டி வெட் வான் இங்கன், காவிரியின் துணை நதியான கபினியில் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோவுக்கு மேல். தூண்டிலில் சிக்கிய இந்திய மஹசீர்களில் நெடுங்காலம் பேசப்பட்ட சாதனை அது.

வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே இந்த மீனுக்கு ஒரு மோகம் இருந்தது. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரியான ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873ல் 'த ராட் இன் இண்டியா' என்ற தூண்டில் நூலை எழுதினார். இங்கிலாந்து ஆறுகளின் சால்மனைவிட மஹசீரே வீரியமான மீன் என்பது அவர் கட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு ஆர்வம் மங்கியது. அணைகள் வந்தன. வெடி போட்டு மீன் பிடிப்பது பரவியது. மஹசீரின் கதை முடிந்துவிட்டது என்றே பலரும் நினைத்தார்கள். 1970களின் பிற்பகுதியில் மூன்று பிரிட்டிஷ் இளைஞர்கள் இந்தியா முழுக்க ஆறு ஆறாகத் தேடிக்கொண்டு வந்து, கடைசியில் காவிரியில் பெரிய மஹசீர்களைப் பிடித்துக் காட்டினார்கள். செய்தி பரவியது.

1972ல் பெங்களூரில் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம், ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் காத்தது. 1980ல் உருவான கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் தன் பங்குக்கு மீன்பிடி முகாம் அமைத்தது. விதி ஒன்றுதான். பிடித்த மீனை எடைபோட்டு, படமெடுத்து, உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும். வழிகாட்டிகள் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். எந்த மடுவில் எந்தப் பாறைக்கு அடியில் மீன் படுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்?

நண்டும் பொடி மீனும்

கரையில் உட்கார்ந்து பெருமீன் பிடிப்பதில் பாதி வேலை தூண்டிலை வீசுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பாதி, இரை. மஹசீர் எதையும் தின்னும். கரையோர மரங்களிலிருந்து விழும் அத்திப்பழம், நத்தை, நண்டு, பொடி மீன் எல்லாம் அதன் சாப்பாடு. வாய்த்தாடையில் பல் கிடையாது. பல் இருப்பது தொண்டையில். உதடுகளால் உறிஞ்சிய இரையை உள்ளே தள்ளி, தொண்டைப் பற்களால் நொறுக்கும். நண்டு ஓடு தூளாகும். மட்டமான இரும்பில் செய்த தூண்டில் முள்ளும் சில சமயம் வளைந்து நசுங்கித் திரும்பி வரும். எனவே மஹசீருக்கு முள் தடிமனாக இருக்க வேண்டும். கம்பி போட வேண்டியதில்லை. அதே காவிரியில் திரியும் வாளைக்கு நிலைமை தலைகீழ். அதன் வாய் முழுக்க ஊசிப்பற்கள். முள்ளுக்கு மேலே ஒரு சாண் எஃகுக் கம்பி இல்லாவிட்டால் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும்.

நண்டு இந்தக் கரையின் பழைய இரை. ஓரப் பாறைகளைப் புரட்டினால் கிடைக்கும். முதல் வேலை, இரண்டு கொடுக்குகளையும் ஒடிப்பது. இல்லாவிட்டால் நண்டு தண்ணீருக்குள் போனதும் கல்லைப் பற்றிக்கொண்டு இடுக்கில் நுழைந்துவிடும். அப்புறம் இழுத்தால் நரம்புதான் அறும். முள்ளைப் பின்னங்காலின் அடிமூட்டில் நுழைத்து, ஓட்டின் ஓரத்தில் வெளியே கொண்டுவருவார்கள். நடு ஓட்டில் குத்தினால் நண்டு அப்போதே செத்துவிடும். உயிருள்ள நண்டு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அந்த அசைவுதான் அழைப்பிதழ்.

பொடி மீன் இன்னும் நுணுக்கமானது. கையளவுக் கெண்டைகளை ஓர மடுவில் வீச்சு வலையால் பிடிப்பார்கள். அங்கிருந்து தூண்டில் முனைக்கு வரும்வரை அதை உயிரோடும் சுறுசுறுப்போடும் வைத்திருப்பதே பெரிய பாடு. மூடிய வாளியில் போட்டால் பத்து நிமிடத்தில் வாய் பிளக்கும். பக்கமெல்லாம் ஓட்டை போட்ட குடத்தை ஆற்றிலேயே பாதி முக்கி, கல்லோடு கட்டிவைத்தால் ஓடும் நீர் உள்ளே புகுந்து வெளியே போகும். வெயில் படக்கூடாது. கூட்டம் சேர்க்கக்கூடாது. எடுக்கும்போது கை ஈரமாக இருக்க வேண்டும். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல் இருக்கும் வழுவழுப்புப் படலம் உரிந்து, இரை சீக்கிரம் சோர்ந்துவிடும்.

முள்ளை எங்கே கோர்ப்பது என்பது ஆற்றின் வேகத்தைப் பொறுத்தது. நீர் ஓடும் இடமானால் மேலுதட்டில், கீழிருந்து மேலாக ஒரே குத்து. வாயைச் சேர்த்துத் தைத்துவிடக்கூடாது. உதட்டில் கோர்த்த மீன் நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிற்கும். செவுள் வழியாக நீர் போய்வரும். மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாறாக, முதுகில் கோர்த்து ஓடும் நீரில் போட்டால் குறுக்கே இழுபட்டுச் சுழன்று, கொஞ்ச நேரத்தில் வெறும் பிணமாகத் தொங்கும். நின்ற மடுவில் கதை வேறு. அங்கே முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், எலும்புக்கு மேலே உள்ள சதையில் முள்ளை நுழைப்பார்கள். மீன் கீழே பாயப் பார்க்கும், நரம்பு மேலே பிடிக்கும். அந்தத் தடுமாற்றம் அடிபட்ட மீனின் நடிப்பு. வேட்டை மீன் கூட்டத்தில் எதைத் தேர்ந்தெடுக்கும்? நொண்டுவதைத்தான். முதுகெலும்பில் முள் பட்டால் நடிப்பும் இல்லை, நடிகனும் இல்லை.

எந்த இரையானாலும் முள்ளின் கூர் வெளியே தெரிய வேண்டும். சதைக்குள் புதைந்திருந்தால் பெருமீன் இரையைக் கவ்வி, இழுத்து, துப்பிவிட்டுப் போகும். இரைக்கேற்ற முள் என்பது இன்னொரு கணக்கு. பெரிய முள் பொடி மீனைச் சுமையால் கொன்றுவிடும். சிறிய முள் பெருமீனின் உதட்டைப் பிடிக்காது. பெருமீனை மனதில் வைத்து முள்ளைத் தேர்ந்தெடுத்து, அந்த முள்ளைச் சுமக்கக்கூடிய இரை மீனைத் தேடுவதே வழி.

அடுத்தது ஈயம். கரையிலிருந்து வீசும் இரை, ஆற்று வேகத்தில் உருண்டு ஓரத்துக்கு வந்துவிடாமல் மடுவின் வாயில் நிற்க வேண்டும். துளையுள்ள ஈயக்குண்டை நரம்பில் ஓடவிட்டு, அதற்குக் கீழே ஒரு சுழல் வளையம் கட்டி, அங்கிருந்து இரண்டு மூன்று அடி நரம்பில் முள்ளைக் கட்டுவது ஒரு முறை. மீன் இரையை எடுத்துக்கொண்டு நகரும்போது நரம்பு குண்டுக்குள் வழுக்கி ஓடும். பாரம் மீனுக்குத் தெரியாது, சந்தேகம் வராது. ஆனால் காவிரியின் அடித்தளம் முழுக்கப் பாறை இடுக்கு. குண்டு போய்ச் செருகினால் மீனும் போச்சு, நரம்பும் போச்சு. அதனால் இங்குள்ளவர்கள் மெல்லிய ஈயத்தை நரம்பின் மேலேயே சுற்றிவிடுவார்கள். மாட்டிக்கொண்டால் ஈயம் நெளிந்து கழன்றுவிடும். மீன் மிஞ்சும்.

இந்தக் கரைகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. ராகிக் களி. ராகி மாவைப் பிசைந்து, எலுமிச்சம்பழம் முதல் ஆரஞ்சுப் பழம் வரை உருட்டி, வெந்நீரில் வேகவைப்பார்கள். வெந்த மேல்தோல் கெட்டியாக இருப்பதால் பொடி மீன்கள் கொத்தித் தின்று தீர்க்க முடியாது. வீசும்போது உதிராது. உயிரோடு வைத்துக் காப்பாற்ற வேண்டிய தொல்லையும் இல்லை. முகாம்களில் பெரும்பாலான மஹசீர்கள் ராகி உருண்டைக்கே சிக்கின. ஆனாலும் களியை முகர்ந்துவிட்டு விலகும் கிழட்டு மீனுக்கு வழிகாட்டிகள் நண்டையோ கெண்டையையோ தேடிப் போவார்கள்.

எப்போது சுண்டுவது?

தூண்டிலின் நுனி அசைந்தவுடன் என்ன செய்வது என்பதில் மீனுக்கு மீன் சட்டம் மாறும். விராலும் வாளையும் இரையைக் குறுக்கே கவ்வி, கொஞ்ச தூரம் எடுத்துப்போய், தலைப்பக்கம் திருப்பி விழுங்கும் ரகம். தவளையை உயிரோடு கோர்த்து விரால் பிடிக்கும் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொண்டே காத்திருந்து, பிறகுதான் சுண்டுவார்கள். மஹசீருக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. எடுத்த வேகத்திலேயே அது ஓட ஆரம்பித்துவிடும். ரீல் அலறும். நூறு மீட்டர் நரம்பு கண்ணெதிரே கரையும்.

பிடித்ததைச் சமைக்கப் போகிறவனுக்கு மீன் முள்ளை ஆழமாக விழுங்கினால் லாபம். திருப்பி விடப்போகிறவனுக்கு அது கொலை. ஆகவே பிடித்து விடும் முறையில் காத்திருக்கவே கூடாது. முள் உதட்டில் மாட்டியிருக்கும்போதே சுண்டிவிட வேண்டும். முள்ளின் உள்பக்கம் இருக்கும் சிறு பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றும்போது சதை கிழியாது. முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளானால், மீன் திரும்பும்போது தானாகவே வாயோரத்தில் மாட்டும்.

ஓடும் மீன் பாறையைச் சுற்றி நரம்பைக் கொண்டுபோனால் அடுத்த கட்டம் பரிசல். வழிகாட்டி ஒற்றைத் துடுப்பால் பரிசலைச் சுழற்றிக்கொண்டு போய் நரம்பை விடுவிப்பார். பெரிய மீன் ஒரு மணி நேரத்துக்கு மேலும் போராடும். கரைக்கு வந்த பிறகு மனிதனைப் போலவே மீனும் களைத்திருக்கும். ஓரத்து நீரில் தலையை நீரோட்டத்துக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். செவுள் ஒழுங்காகத் திறந்து மூட ஆரம்பித்ததும் வால் ஒருமுறை விசிறும். அவ்வளவுதான், மீன் மடுவுக்குள் போய்விடும். பிறகு முகாமுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார்கள்: தேதி, எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டது, எத்தனை மீன், என்ன எடை, என்ன நிறம்.

உயிர் இரையில் நல்ல தூண்டில்காரர்கள் கடைப்பிடிக்கும் ஒரு விதியையும் சொல்ல வேண்டும். இரை மீனை எந்த ஆற்றில் பிடித்தார்களோ அந்த ஆற்றில்தான் பயன்படுத்த வேண்டும். வேறு ஏரியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வாளியில் கொண்டுவரக்கூடாது. மிஞ்சியதைக் கொட்டிவிட்டுப் போகவும் கூடாது. வந்தேறி மீனும் அதோடு வரும் நோயும் உள்ளூர் மீன்களின் குடியைக் கெடுக்கும் என்பது காரணம். ஒரு வாளிப் பொடி மீனுக்கே இவ்வளவு எச்சரிக்கை.

நோட்டுப் புத்தகம் சொன்னது

பொழுதுபோகாமல் எழுதியதுபோலத் தோன்றும் அந்த நோட்டுக் கணக்கு, விஞ்ஞானிகள் கைக்குப் போனபோது அதன் மதிப்பு தெரிந்தது. பிரிட்டனின் போர்ன்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும், கேரளத்தைச் சேர்ந்த மீனியல் ஆய்வாளர் ராஜீவ் ராகவனும் சேர்ந்து காலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்து 2015ல் வெளியிட்டார்கள். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில். பிடித்து விடப்பட்ட மஹசீர்கள் 6,161. எடை ஒரு பவுண்டிலிருந்து 104 பவுண்டு வரை.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல செய்தி. மீன் பிடிபடும் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியிருந்தது. சராசரி எடை குறைந்திருந்தது. அதாவது குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்து வளர்கின்றன. காவல் போட்டதால் ஆறு செழித்தது என்று மகிழலாம். ஆனால் வழிகாட்டிகள் நிறத்தையும் எழுதி வைத்திருந்தார்களே! பிரித்துப் பார்த்தபோது கூடியது நீலத் துடுப்பு மஹசீர். பொன்னிறத் துடுப்புள்ள திமில் மஹசீரின் கணக்கு நேர் எதிர். எண்ணிக்கை சரிந்துகொண்டே வந்தது. பிடிபட்டவையெல்லாம் மேலும் மேலும் பெரிய மீன்கள். குஞ்சுகளே காணோம். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் போல.

நீலத் துடுப்பு மீன் எங்கிருந்து வந்தது? மகாராஷ்டிரத்தின் லோனாவ்லாவில் டாடா மின் நிறுவனம் 1970களிலேயே மஹசீர் குஞ்சு பொரிக்கும் பண்ணையை வெற்றிகரமாக நடத்தியது. அணைகளால் மஹசீர் அழிகிறதே என்ற அக்கறையில் தொடங்கிய வேலை. அங்கிருந்து குஞ்சுகள் பல மாநிலங்களின் ஆறுகளுக்குப் போயின. காவிரிக்கும் வந்தன. எல்லாம் மஹசீர்தானே என்று அரசும், தூண்டில் ஆர்வலர்களும் வரவேற்றார்கள். ஆனால் லோனாவ்லா மீன் கிருஷ்ணா படுகையைச் சேர்ந்த வேறு இனம். காவிரியில் அது வேரூன்றிப் பெருகியது, சொந்தக்காரன் சுருங்கினான். அணை, மணல் கொள்ளை, வெடி, பெங்களூரின் கழிவைச் சுமந்து சங்கமத்தில் வந்து சேரும் அர்க்காவதி என்று திமில் மஹசீருக்கு வேறு எதிரிகளும் இருந்தார்கள். அவற்றோடு அன்போடு கொண்டுவந்து விட்ட விருந்தாளியும் சேர்ந்துகொண்டது. இரை வாளிக்கு இருந்த விதியை லாரி லாரியாக வந்த குஞ்சுகளுக்கு யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வேடிக்கை, உலகப் புகழ் பெற்ற இந்த மீனுக்கு அதுவரை உறுதியான அறிவியல் பெயரே இல்லை. 2018ல் பிண்டர், ராகவன் குழு இதற்கு விடை கண்டது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றில் கிடைத்த திமில் மஹசீரின் மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டார்கள். கேரளத்தின் பாம்பாற்றில் கிடைத்த மீனுக்கு 2007ல் வைக்கப்பட்ட 'டோர் ரெமாதேவி' என்ற பெயரே இதற்கும் உரியது என்று நிரூபித்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரெமா தேவியைக் கௌரவிக்கும் பெயர் அது. அதே 2018ல் சர்வதேச சிவப்புப் பட்டியலில் மீன் சேர்ந்தது. பிரிவு: மிக மோசமான அழிவின் விளிம்பு. பெயர் கிடைத்த கையோடு ஆபத்து அறிவிப்பும் வந்தது.

தூண்டில் போனது

அதற்கு முன்பே கரையில் தூண்டில் நின்றுவிட்டிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பதை, திருப்பி விடுவதானாலும், அனுமதிக்க முடியாது என்ற நிலை வந்தது. 2012ல் முகாம்கள் தூண்டிலை மூட்டை கட்டின. இயற்கை முகாம்களாகவும் சாகச முகாம்களாகவும் பெயர் மாறின.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறது. சரணாலயத்தில் மானுக்கு ஒரு சட்டம், மீனுக்கு ஒரு சட்டமா என்ற கேள்வி சாதாரணமானதல்ல. ஒரு மணி நேரம் இழுபட்ட மீன் விடுபட்ட பிறகு பிழைக்கும் என்பதற்கு எப்போதும் உத்தரவாதமில்லை. முள்ளில் துடிக்கும் பொடிக் கெண்டையின் கட்சியைப் பேசவோ ஆளே இல்லை. மறுபக்கம், தூண்டில் முகாம் கொடுத்த சம்பளத்தில்தான் கரைக்குக் காவல் நடந்தது. அதிகாலை முதல் பொழுது சாயும்வரை ஆட்கள் உட்கார்ந்திருக்கும் மடுவில் எவனும் வெடி போட வரமாட்டான். முகாம்கள் மூடியதும் அந்தக் கண்கள் அகன்றன என்பதே தூண்டில்காரர்கள் வைக்கும் வாதம். மஹசீர் பாதுகாப்பில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு நல்ல பங்கு இருக்க முடியும் என்று பிண்டரும் ராகவனும் 2013ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள்.

வழிகாட்டிகளின் பாடு தனி. நண்டின் எந்த மூட்டில் முள் நுழைந்தால் அது சாகாது, எந்த மடுவில் நீர் எப்படித் திரும்பும் என்ற அறிவுக்கு முகாம் ஒரு கூலி கொடுத்தது. பரிசல் சவாரிக்கு அந்த அறிவு தேவைப்படாது. எழுதப்படாத பாடம் அது. கைமாற ஆள் இல்லாவிட்டால் கரையோடு போய்விடும்.

மேகேதாட்டு தாண்டியதும் காவிரியின் ஒரு கரை தமிழ்நாடு. பிலிகுண்டுலுவில் இரு மாநிலங்களும் டி.எம்.சி. கணக்குப் பார்க்கும் அதே ஆறு, அங்கிருந்து ஒகேனக்கல்லில் போய் விழுகிறது. தமிழ்நாட்டுக் கரையில் 2014ல் காவிரி வடக்கு சரணாலயமும் 2022ல் காவிரி தெற்கு சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. காகிதத்தில் பார்த்தால் இரண்டு கரையிலும் மீனுக்குப் பாதுகாப்பு. அதே பள்ளத்தாக்கில் 67 டி.எம்.சி. கொள்ளளவில் மேகேதாட்டு அணை கட்டக் கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. கட்டினால் பாறையும் நுரையும் மடுவுமாக இருக்கும் ஆற்றின் பெரும்பகுதி நின்ற நீராகிவிடும். ஓடும் நீரும் கூழாங்கல் படுகையும் வேண்டிய மஹசீருக்கு அது வீடாகாது. அணை பற்றிய வழக்குகளில் தண்ணீரின் பங்கு பேசப்படும் அளவுக்கு மீனின் பங்கு பேசப்படுவதில்லை.

திமில் மஹசீர் உறுதியாக மிஞ்சியிருப்பதாக ஆய்வுகள் காட்டிய இடங்கள் சிலவே. அவற்றில் முக்கியமானது மாயாறு. அது பவானியில் கலந்து காவிரிக்கு வருவது தமிழ்நாட்டு மண்ணில். பாம்பாறும் அமராவதிக்கு வந்து சேர்கிறது. ஆக, இந்த மீனின் எதிர்காலத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டின் கையில் இருக்கிறது. செய்ய வேண்டியது பெரிய விஷயமும் அல்ல: அந்த ஆறுகளில் வெளி மீன் குஞ்சு எதையும் விடாமல் இருப்பது, வெடியைத் தடுப்பது, மழைக்காலத்தில் மீன் மேலேறிப் போய் முட்டையிட வழி விடுவது. அதோடு, ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து ஆண்டுதோறும் எண்ணுவது. பீமேஸ்வரிக் கரையில் அந்த எண்ணும் வேலையைத் தூண்டில்காரர்கள் தங்கள் சந்தோஷத்துக்காகச் செய்தார்கள். அவர்களை வேண்டாம் என்று அனுப்பிய பிறகு அது அரசாங்கத்தின் வேலை.